வீடியோவை அனுப்பிவிட்டால் பயிற்சி ஆகிவிடுமா?

ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு ஆன்லைனில் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

என் மகனுக்கு இப்போது 7 வயது. அவனுக்கு 3 வயது ஓடிக்கொண்டிருந்தபோது நான் இரண்டு ஆன்லைன் பயிற்சிகளில் சேர்ந்தேன். ஒன்று முழுக்கப் பதிவுசெய்த பாடங்கள். மொத்தம் 40 வீடியோ, ஒவ்வொன்றின் முடிவிலும் 5 கேள்வி, எல்லாம் முடித்தால் பெயர் போட்டு ஒரு சான்றிதழ். இன்னொன்றில் வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம், ஒரு தெரபிஸ்ட் வீடியோ காலில் வருவார். முதல் பயிற்சியில் 100-க்கு 96 வாங்கினேன். மீதி 4 எங்கே போனது என்றுகூட அப்போது கவலைப்பட்டேன். வீட்டில் மட்டும் எதுவும் மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பது இரண்டாவது பயிற்சியின் மூன்றாவது வாரத்தில்தான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

குழந்தையோடு விளையாடுவதை 3 நிமிடம் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். மொபைலை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவன் தரையில் ஒரு பாத்திர மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் அவனுக்கு அதுதான் உலகம். பொம்மைக் காரின் சக்கரம், மூடி, நாணயம், எது சுற்றுமோ அது. தெரபிஸ்ட் அந்தப் பதிவை முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினார். 1 நிமிடம் 12-ஆவது வினாடியில் நிறுத்தி, "இந்த இடத்தில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்றார். மூடி தள்ளாடி விழுகிறது. அவன் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறான். ஒரு வினாடி, மிஞ்சினால் ஒன்றரை வினாடி இருக்கும். நான்? ரெக்கார்டிங் ஓடுகிறதா என்று மொபைலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையில் என் கண் நேராக என்னையே பார்க்கிறது. பக்கத்தில் அவன் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான்.

அவர் பின்னால் தள்ளி மறுபடி காட்டினார். மூன்று முறை. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அப்புறம் சத்தத்தோடு ஓட்டினார். "இது என்ன? என்ன கலர்? அம்மாவைப் பாரு. மூடி சொல்லு. மூ-டி. சொல்லு கண்ணா." 3 நிமிடத்தில் 41 தடவை எதையாவது கேட்டிருக்கிறேன், அல்லது சொல்லச் சொல்லியிருக்கிறேன். எண்ணியது நான்தான், அன்று ராத்திரி, தூக்கம் வராமல்.

வேடிக்கை என்னவென்றால், குழந்தை எதில் மூழ்கியிருக்கிறதோ அதில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள், கேள்விகளைக் குறையுங்கள், காத்திருங்கள் என்பதெல்லாம் முதல் பயிற்சியில் 6-ஆவது பாடமாகவே வந்தது. அந்தப் பாடத்தில் நான் 5-க்கு 5.

அடுத்த வாரம் இன்னொரு மூடியை எடுத்துக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்து நானும் சுற்றினேன். வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் 10 வரை எண்ணச் சொல்லியிருந்தார். 10 எவ்வளவு பெரிய எண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் தன் மூடியை விட்டுவிட்டு என் மூடியைப் பார்த்தான். அது விழுந்ததும் என்னைப் பார்த்தான். அப்புறம் தன் மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு நின்றான். "சுத்து" என்று சொல்லவில்லை. அந்தச் சொல் வர இன்னும் 8 மாதம் ஆனது. ஆனால் ஒரு பொருளை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் ஏதாவது செய்வேன் என்று அவன் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

உங்களிடம் நான் கேட்பது இதைத்தான். எங்களுக்கு வீடியோ காட்டுகிறீர்கள், சரி. எங்களையும் கொஞ்சம் பாருங்கள்.

ஒரு அம்மா உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறாள் என்று இதை ஒதுக்க வேண்டாம். உங்கள் துறையின் ஆய்வுகளே இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. 2015-இல் அமெரிக்காவில், 3 முதல் 7 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள 180 குழந்தைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்து 24 வாரம் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு ஆட்டிசம் பற்றிய தகவல்கள். மறுபாதிக்கு, முரண்டையும் எரிச்சலையும் வீட்டில் எப்படிக் கையாள்வது என்று கைப்பிடித்துச் சொல்லித்தரும் பயிற்சி. எரிச்சலை அளக்கும் அளவுகோலில், பெற்றோரே போட்ட மதிப்பெண்படி, பயிற்சி பெற்ற வீடுகளில் 47.7 சதவீதம் குறைந்தது, தகவல் மட்டும் பெற்ற வீடுகளில் 31.8 சதவீதம். தகவலும் வீண் இல்லை என்பதை அந்த 31.8 சொல்கிறது. ஆனால் இரண்டும் ஒன்று இல்லை.

அது நேரில் நடந்தது, ஆன்லைனுக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ப்ரூக் இங்கர்சால் குழு 2016-இல் கிட்டத்தட்ட என் கதையையே சோதித்துப் பார்த்திருக்கிறது. 28 குடும்பங்கள், எல்லோருக்கும் ஒரே இணையப் பாடங்கள். ஒரு குழு தானாகப் படித்தது. இன்னொரு குழுவுக்குக் கூடுதலாக வீடியோ காலில் ஒரு தெரபிஸ்ட். இரண்டு குழுக்களிலுமே பெற்றோருக்குத் தன்னம்பிக்கை கூடியது, மன அழுத்தம் குறைந்தது, குழந்தைகளின் பேச்சும் முன்னேறியது. ஆனால் கற்றதைச் சரியாகச் செய்வதில் தெரபிஸ்ட் உடனிருந்த பெற்றோர் ஒரு படி மேலே இருந்தார்கள். குழந்தையின் சமூகத் திறன் அந்தக் குழுவில் மட்டும்தான் கூடியது. சின்ன ஆய்வுதான். 28 குடும்பத்தை வைத்து உலகத்தை அளக்க முடியாது. ஆனாலும் நீங்கள் எதை வெட்டிவிட்டுச் செலவைக் குறைக்கிறீர்கள் என்று யோசிக்க இது போதும்.

என் 1 நிமிடம் 12-ஆவது வினாடிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெற்றோரும் குழந்தையும் விளையாடும் வீடியோவைப் பெற்றோருக்கே போட்டுக்காட்டிப் பேசும் முறையை இங்கிலாந்தில் 152 குழந்தைகளின் குடும்பங்களில் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவு பெரிய ஆரவாரத்துக்கு இடம் தரவில்லை. குழந்தை செய்வதைக் கவனித்து அதற்கு ஏற்றமாதிரி பெற்றோர் பதில் கொடுக்கும் விதம் நன்றாக மாறியிருந்தது. ஆட்டிசம் அறிகுறிகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அதே குழந்தைகளைக் கிட்டத்தட்ட 6 ஆண்டு கழித்து மறுபடி பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பத்துக் குழந்தைகளிடம் அறிகுறிகளின் தீவிரம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அது 2016-இல் வெளியானது. 12 வாரத்தில் அற்புதம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இந்த 6 ஆண்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

தெரபிஸ்டுகளுக்கு எங்கே போவது, ஆள் இல்லையே என்பீர்கள். உண்மைதான், நானே காத்திருப்போர் பட்டியலில் 7 மாதம் இருந்தவள். ஆனால் பார்க்கிறவர் பெரிய நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மேலே சொன்ன அதே முறையை கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்து, 65 குழந்தைகளின் குடும்பங்களில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பெற்றோர் குழந்தைக்கு ஏற்றமாதிரி பதில் கொடுப்பது கூடியது. உலகச் சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு வைத்திருக்கும் பயிற்சியும் நிபுணர் அல்லாதவர்கள் நடத்துவதற்காகவே உருவானது. 9 குழு வகுப்புகள், கூடவே 3 முறை வீட்டுக்கு வருகை. அந்த 3 வருகையை யார் யோசித்தார்களோ அவர்களுக்கு ஒரு கும்பிடு. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் எந்த அறையில் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, எந்தக் கதவு கிறீச்சிடுகிறது என்பதெல்லாம் தெரியும்.

அதே நிறுவனம் 2022-இல் இலவசமாகத் தானே படிக்கும் ஆன்லைன் வடிவத்தையும் கொண்டுவந்தது. அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எதுவுமே கிடைக்காத இடத்தில், குழந்தையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி 2 மணிக்கு இணையத்தில் துழாவும் ஒருத்திக்கு, நம்பகமான 10 நிமிட வீடியோ பெரிய துணை. அது இல்லாவிட்டால் அவள் போய் நிற்கும் இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறேன் என்பவர்களும், ப்ளீச்சைக் குடிக்கக் கொடு என்பவர்களும், இன்னமும் தடுப்பூசிமேல் பழியைப் போடுகிறவர்களும் 24 மணி நேரமும் கடை திறந்து வைத்திருக்கிறார்கள். அதனால் வீடியோக்களைப் போடுங்கள், நிறையப் போடுங்கள். அதற்குத் தகவல் என்று பெயர் வையுங்கள், அவ்வளவுதான். பயிற்சி என்று பெயர் வைத்துப் பணமும் வாங்கினால், எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு ஜோடிக் கண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். அது வாரம் 20 நிமிடமாக இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடங்களில் "நீங்கள் தொடர்ந்து சரியாகச் செய்தால் குழந்தை முன்னேறும்" என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அதைக் கேட்கிற அம்மாவின் காதில் அது திரும்பி விழுகிறது: முன்னேறவில்லை என்றால் நீ சரியாகச் செய்யவில்லை. இந்தத் துறைக்கு இது பழைய வியாதி. குழந்தைகள் மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-இல் ஆட்டிசத்தை விவரித்தபோதே பெற்றோரிடம் அன்பின் சூடு குறைவு என்று குறிப்பிட்டார். பின்னால் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதை ஊதிப் பெரிதாக்கி, குளிர்பெட்டி மாதிரி இருக்கும் தாயால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் என்கிற அளவுக்குக் கொண்டுபோனார்கள். உளவியலாளரும், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் இதை எதிர்த்து, காரணம் உயிரியலில் இருக்கிறது என்று வாதாட வேண்டியிருந்தது. அந்தக் கோட்பாடு செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதன் தொனி மட்டும் இன்னும் சாகவில்லை. இந்த வாரம் எத்தனை மணி நேரம் செய்தீர்கள் என்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறீர்களே, அதில் 0 போட்ட வாரங்களில் நான் என்ன ஆனேன் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். இன்னொரு வாரம் அவன் மூன்று ராத்திரி தூங்கவில்லை.

5 வயதுக்குள் செய்தால்தான் உண்டு, அப்புறம் கதவு மூடிவிடும் என்று பயமுறுத்துவதும் அதே தொனிதான். சீக்கிரம் தொடங்குவது நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தைகள் 5 வயதோடு கற்றுக்கொள்வதை நிறுத்திவிடுவது இல்லை. என் மகன் 6 வயதில்தான் விரலை நீட்டி ஒன்றைக் காட்டினான். ஆகாயத்தில் போன விமானம்.

தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பதையும் விட்டுவிடலாம். அந்த ஒரு மணி நேரம் எங்களிடம் இல்லை. இரண்டாவது பயிற்சியில் எனக்குப் பிடித்ததே, புதிதாக எதையும் செய்யச் சொல்லாததுதான். சட்டை மாட்டும்போது தலை பாதி நுழைந்ததும் நிறுத்துங்கள், குழந்தையின் முகம் வெளியே வரும்வரை காத்திருந்து சிரியுங்கள், அவ்வளவுதான் அந்த வாரத்துக்கு. எப்படியும் தினமும் சட்டை மாட்டத்தான் போகிறேன். நான்கைந்து நாளில் அவன் சட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்க ஆரம்பித்தான், இன்னொரு தடவை வேண்டும் என்று. ஒரு சட்டை மாட்ட 15 நிமிடம் ஆனது வேறு கதை.

அப்புறம், கஷ்டமான பகுதி. முதல் பயிற்சியில் "சவாலான நடத்தைகள்" என்று ஒரு வீடியோ இருந்தது. கார்ட்டூன் பையன் ஒருவன் தரையில் உருண்டு அழுவான், அம்மா அமைதியாக மூச்சை இழுத்து விடுவாள், இசை வரும், பையன் எழுந்து உட்காருவான். என் பையன் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தான். கேள்வி அனுப்பும் பெட்டியில் அதை எழுதினேன். "உங்கள் கேள்விக்கு நன்றி, பாடம் 23-ஐ மீண்டும் பார்க்கவும்" என்று பதில் வந்தது. பாடம் 23 அந்தக் கார்ட்டூன்தான்.

வீடியோ காலில் இதைச் சொன்னபோது தெரபிஸ்ட் முதலில் கேட்டது, "காது வலியோ பல் வலியோ இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டினீர்களா?" எனக்குத் தோன்றவே இல்லை. வலி என்று சொல்லத் தெரியாத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? காட்டினோம், ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு வாரம் எழுதி வைக்கச் சொன்னார்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு நாங்கள் என்ன செய்தோம், வீட்டில் என்ன சத்தம். ஆறாவது நாள் என் கணவர்தான் கண்டுபிடித்தார். வாஷிங் மெஷின். அது ஓடும்போதெல்லாம் இல்லை, கடைசியில் துணியைப் பிழிய வேகமெடுத்துச் சுற்றும் அந்த 7, 8 நிமிடம். சுற்றுவதை இவ்வளவு ரசிக்கிற பையனுக்குச் சுற்றுகிற மெஷின் எதிரி என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் வெளியே போகும் நேரத்துக்குத் துவைப்பதை மாற்றினோம். மோதுவது முழுக்க நிற்கவில்லை, ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. எந்த வீடியோவும் எங்கள் வாஷிங் மெஷினைப் பற்றிச் சொல்லியிருக்க முடியாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இணைக் கவனம்", "வலுவூட்டி", "தூண்டல்களைப் படிப்படியாக மங்கச் செய்தல்" என்று ஒரு வீடியோ ஓடியபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார் "என்னம்மா சொல்றா அவ?" என்று கேட்டார். பகல் முழுக்கப் பையனோடு இருப்பவர் அவர்தான். நீங்கள் பயிற்சி கொடுக்க வேண்டியதும் அவருக்குத்தான். இணைக் கவனம் என்றால் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பொருளைப் பார்ப்பது என்று நான் சொன்னதும் "அட, இதுக்கா?" என்று அன்றைக்கே ஜன்னலோரம் அவனோடு உட்கார்ந்துவிட்டார். உங்கள் படிவங்களில் "தாய் / தந்தை" என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது. இன்னொரு கட்டம் போடுங்கள்.

எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. கையை உதறினால் பிடித்து நிறுத்துங்கள், கண்ணைப் பார்த்தால்தான் பொம்மையைக் கொடுங்கள் என்று முதல் பயிற்சியில் சொன்னார்கள். நானும் செய்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள், கட்டாயப்படுத்திக் கண்ணைப் பார்க்க வைத்தது எவ்வளவு வேதனையாக இருந்தது என்று எழுதியிருப்பதைப் பிறகுதான் படித்தேன். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்ட்டன் என்ற சமூகவியலாளர் 2012-இல் ஒன்றைச் சொன்னார்: புரிந்துகொள்ள முடியாமல் போவது அவர்கள் பக்கம் மட்டும் இல்லை, நாமும்தான் அவர்களைப் புரிந்துகொள்ளாமல் இருக்கிறோம். பாடம் தயாரிக்கும் மேசையில் அப்படி இரண்டு பேரை, சம்பளம் கொடுத்து, உட்கார வையுங்கள். என் மகன் சந்தோஷத்தில் கையை உதறுகிறான். நான் இப்போது கூடவே உதறுகிறேன்.

கடைசியாக, நாங்கள் அனுப்பும் வீடியோக்கள். அதில் எங்கள் குழந்தை அழுகிறது, சில சமயம் உடம்பில் துணிகூட இருக்காது. வீடு அலங்கோலமாக இருக்கும், பின்னால் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று சேரும்போதே எழுத்தில் கொடுங்கள். ஒரு பயிற்சியின் விளம்பரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு குழந்தையின் முகத்தை "முன்பு, பின்பு" என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு நான் சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. உங்களைப் பார்க்கச் சொல்கிற நானே இதையும் கேட்கிறேன், ஏனென்றால் இந்தக் கதவை நம்பித்தான் திறக்கிறோம்.

இந்த மடலுக்குப் பதில் எழுத வேண்டாம். அடுத்த குழுவில் முதலில் சேரும் அம்மாவிடமிருந்து ஒரு 3 நிமிட வீடியோ வாங்குங்கள். பாட அட்டவணை எதையும் அனுப்புவதற்கு முன்னால், சத்தத்தை அணைத்துவிட்டு, அதை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
மூடி சுற்றும் பையனின் அம்மா